டாக்ஸ் அவாய்டன்ஸ்: ‘வரி தவிர்ப்பு’ போதுமா?

திருநெல்வேலியிலிருந்து, கல்லூரி ஆசிரியை:

கலைச்சொல் குழுவுக்கு வணக்கம். பி.காம். தமிழ்வழி மாணவர்களுக்கு வருமான வரிப் பாடக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வருமானத்தை மறைத்துப் பொய்க்கணக்கு எழுதுவது வரி ஏய்ப்பு. இதில் யாருக்கும் சண்டை இருக்காது. சட்டம் தரும் கழிவுகளைப் பயன்படுத்திக்கொள்வது வரித் திட்டமிடல். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற டாக்ஸ் அவாய்டன்ஸ்தான் சிக்கல். சட்டத்தின் எழுத்தை மீறாமல் அதன் நோக்கத்தைத் தோற்கடிப்பது அது. பழைய குறிப்புகளில் ‘வரி தவிர்ப்பு’ என்று இருக்கிறது. போன தேர்வில், வரிக்கழிவு தரும் 80சி பிரிவுக்காக பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் பணம் போட்டவர் வரி தவிர்ப்பில் ஈடுபட்டார் என்று பாதி வகுப்பு எழுதிவிட்டது. பிள்ளைகள்மேல் தப்பில்லை. ‘வெயிலில் அலைவதைத் தவிர்க்கவும்’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தவிர்ப்பது நல்ல காரியம். அந்தச் சொல்லில் குற்றத்தின் வாடையே இல்லை. வேறு சொல் உண்டா?

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் ஐயம் சரியானது. காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். அங்கே தவிர்த்தவன் யார்? வாங்க வேண்டிய அரசன். ஆகவே வரி தவிர்ப்பு என்றால் அரசு வரியை நீக்குவது. கொடுக்க வேண்டியவன் தானாகவே தவிர்த்துக்கொள்வதற்கு அந்தச் சொல்லைத் தருவது முறையாகாது.

வரி என்பதைவிட இறை என்ற சொல்லே பொருத்தம். வரி செலுத்துவதற்கு ‘இறுத்தல்’ என்ற வினை நம்மிடம் இருந்தது. வரி நீக்கிய நிலத்துக்கு ‘இறையிலி’ என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்ற குறளில் வரும் உல்கு, சுங்கம்தான். இத்தனை சொற்களையும் விட்டுவிட்டு வெறும் வரியோடு நிற்கிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. என் பரிந்துரை: இறைநழுவல்.

யாழ்ப்பாணத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, இறை எங்களுக்குப் பழஞ்சொல் அல்ல. இங்கே அரசுத் துறையின் பெயரே உள்நாட்டு இறைவரித் திணைக்களம். ஆனால் வரியையும் சேர்த்துச் சொல்வதால்தான் அது விளங்குகிறது. இறையைத் தனியே விட்டால் பிள்ளைகள் கடவுளைத்தான் நினைப்பார்கள். ‘வரி நழுவல்’ என்று வைத்தால் என்ன?

சென்னையிலிருந்து, ஆடிட்டர்:

என்னிடம் வருகிறவர்கள் யாரும் தவிர்ப்பு என்றோ நழுவல் என்றோ சொல்வதில்லை. “சார், டாக்ஸ் கொஞ்சம் மிச்சம் பண்ணணும்” என்பார்கள். திட்டமிடல், தவிர்ப்பு, சில நேரம் ஏய்ப்பு, மூன்றுமே அந்த ‘மிச்ச’த்துக்குள் அடங்கிவிடும். பிரித்துச் சொல்வது என் வேலை. அதனால் சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு.

ஆனால் குற்ற வாடை வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நீதிமன்றங்களே இதில் ஒரே இடத்தில் நின்றதில்லை. இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தன் தோட்டக்காரரின் கூலியை ஆண்டுத்தொகை ஒப்பந்தமாக எழுதி வரியைக் குறைத்துக்கொண்டார். 1936-இல் பிரபுக்கள் அவை அது செல்லும் என்றது. நம் உச்ச நீதிமன்றத்தில் 1985-இல் மெக்டவல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தக் கொள்கையைக் கைவிட வேண்டும் என்று கடுமையாக எழுதினார். 2003-இல் மொரீஷியஸ் வழி முதலீட்டு வழக்கில் அதே நீதிமன்றம் திரும்பவும் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் சாய்ந்தது. 2012-இல் இதே போன்ற வரி வழக்கில் வோடஃபோன் நிறுவனம் வென்றது. அரசு அதே ஆண்டில் முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் அந்த முன்தேதி வரிக்கோரிக்கைகளைக் கைவிட்டது.

இன்னொன்று. 2017 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பொதுத் தவிர்ப்புத் தடுப்பு விதிகள் பிடிப்பது ‘அனுமதிக்கத்தகாத தவிர்ப்பு ஏற்பாடு’களை. தவிர்ப்பே குற்றம் என்றால் அந்த அடைமொழி எதற்கு? வாடையை அடைமொழி தரட்டும், பெயர்ச்சொல் சும்மா இருக்கட்டும்.

கோவையிலிருந்து, முதுகலை மாணவர்:

இலக்கணப்படியும் ‘வரி நழுவல்’ இடிக்கிறது. நழுவு என்பது தன்வினை. வரி நழுவல் என்றால் நழுவுவது வரி, ஆள் இல்லை. வரி தவிர்ப்பு இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்றும் மிகாது. ஆசிரியை ‘வரித் திட்டமிடல்’ என்று ஒற்றுப் போட்டதும் சரியே, அது வேறு தொகை.

அப்புறம், ஏய்ப்பு பற்றி ஒரு யோசனை. சங்கப் பாட்டில் ‘ஏய்ப்ப’ என்பது உவம உருபு. போல என்று பொருள். மெய்போலக் காட்டுவதால்தான் ஏமாற்றுவதற்கு ஏய்த்தல் என்று பெயர் வந்ததோ? பொய்க்கணக்கு மெய்க்கணக்கைப் போலவே இருக்கிறதே!

தஞ்சாவூரிலிருந்து:

தம்பி, ஒப்புமையைக் குறிக்கும் ஏய்தலும் வஞ்சிக்கும் ஏய்த்தலும் ஒரே வேர் என்று சொல்ல இன்னும் சான்று வேண்டும். ஆனாலும் நல்ல கேள்வி, தனி இழையில் எழுதுங்கள். நழுவல் பற்றி: ‘கடமை நழுவல்’ என்றால் கடமையிலிருந்து நழுவுதல் என்று எல்லாரும் புரிந்துகொள்வார்கள். ஐந்தாம் வேற்றுமையாகக் கொண்டால் இடிக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐந்தாம் வேற்றுமை என்று விளக்கித்தான் விளங்கவைக்க வேண்டுமென்றால் என் சொல்லை நானே மீட்டுக்கொள்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக வேறு வேலை ஓடவில்லை. ஆடிட்டர் ஐயா சொன்ன அடைமொழி என்னை மாற்றிவிட்டது. ‘வரி தவிர்ப்பு’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கூடவே தோட்டக்காரர் வழக்கையும் பி.பி.எஃப். கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது தவிர்ப்பு, எது திட்டமிடல் என்று அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

அச்சேறட்டும், மகிழ்ச்சி. நான் உடன்படவில்லை என்பதைக் குழுவின் ஏட்டில் பதிந்துவைக்கிறேன். தவிர்க்கும் உரிமை குலோத்துங்கனுடையது. அடுத்த பதிப்பு எப்போது, அம்மா?