மறு: வரலாற்றுப் படங்களில் கற்பனை: ‘படைப்புரிமை’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம். வரலாற்றுப் படங்களில் வரும் கற்பனைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> கதைக்காக வரலாற்றில் சேர்ப்பது, மாற்றுவது எல்லாவற்றுக்கும் ‘படைப்புரிமை’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. படைப்புரிமை என்றதும் பதிப்புரிமை போல ஒரு சட்டச் சொல்லாகத்தான் காதில் விழுகிறது. அதுகூடச் சின்னக் குறைதான். சேர்ப்பதும் மாற்றுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைப்பதுதான் பெரிய குறை.

எங்கள் ஊர்க் கதையை வைத்தே சொல்கிறேன். வேலூரில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் 1806 சிப்பாய்ப் புரட்சியை நாடகமாகப் போட்டுப் படமும் பிடித்தார்கள். ஒத்திகை பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முதல் காட்சி ஜூலை 9 இரவு. ஒரு சிப்பாய் விளக்கடியில் உட்கார்ந்து நெற்றியில் திருநீறு பூசுகிறான், கொஞ்ச நேரம் கழித்துத் துடைக்கிறான். புதுத் தலைப்பாகையை மடியில் வைத்து, அதில் இருக்கும் தோல் பகுதியை விரலால் தடவிவிட்டுத் தள்ளி வைக்கிறான். பேச்சே கிடையாது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சமயக் குறி இடக் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று சிப்பாய்களுக்கு ஆங்கிலேயர் போட்ட ஆணைகள் உண்மை. அந்தத் தலைப்பாகையும் உண்மை. இந்தச் சிப்பாய் மட்டும் கற்பனை. பதிவு பேசாத இடத்தில் பதிவுக்கு முரணில்லாமல் வந்து உட்காரும் கற்பனை.

கடைசிக் காட்சியில், புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பியைக் கோட்டை வாசலிலேயே வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். நடந்தது அதுவல்ல. அவர் கயிற்றைப் பிடித்து மதில் மேல் ஏறினார். பிறகு பீரங்கியால் வாசல் உடைந்தது, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். கில்லெஸ்பி இறந்தது 1814இல், நேபாளப் போரில், டேராடூன் பக்கத்தில். அவரை இங்கேயே கொன்றுவிட்டால் அன்று காலையில் செத்த நம் ஆட்கள் கதையிலிருந்தே காணாமல் போகிறார்கள். அப்புறம் வேலூர் மக்கான் பகுதியில் நிற்கும் புரட்சி நினைவுத் தூண் யாருக்காக என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

அதனால் இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். முதல் காட்சியில் வருவது இடைப்புனைவு. கடைசிக் காட்சியில் வருவது திரிபுனைவு. முன்னது ‘இடையில் புனைவது’ என்பதால் ப் மிகுகிறது. பின்னது வினைத்தொகை, மிகாது. ‘வரலாற்றுத் திரிபு’ ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். அது பாடப்புத்தகத்துக்கும் மேடைப் பேச்சுக்கும்கூடப் பொருந்தும். கதை சொல்வதற்காகத் திரித்தது என்பது அதில் தெரியாது.

1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தையும் இதில் வைத்துப் பார்த்தேன். கட்டபொம்மன் ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனை 1798இல் இராமநாதபுரத்தில் சந்தித்தது பதிவில் உள்ளது. அந்தக் காட்சியில் வரும், நமக்கெல்லாம் மனப்பாடமான வசனம் வசனகர்த்தா எழுதியது. ஆக, சந்திப்பு வரலாறு, வசனம் இடைப்புனைவு. படம் முழுவதற்கும் ஒரே முத்திரை குத்த வேண்டியதில்லை, காட்சி காட்சியாகச் சொல்லலாம்.

இன்னொரு நண்பர் தொல்காப்பியத்தின் ‘நாடக வழக்கு’ (புனைந்து சொல்லும் மரபு) இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்றார். அழகான சொல், எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அது அகத்திணைக்கு, அதாவது காதல் பாடல்களுக்குச் சொன்னது. அகத்தில் ‘சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்’, அதாவது யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. பெயரில்லாத அந்தச் சிப்பாய்க்கு நாடக வழக்கு நன்றாகவே பொருந்தும். கில்லெஸ்பி என்று பெயர் சுட்டிவிட்ட பிறகு எப்படிப் பொருந்தும்?

இடைப்புனைவு என்றால் இடைச்செருகல் நினைவு வருமே என்ற கவலை எனக்கும் உண்டு. இடைச்செருகல் மூலத்தைப் போல வேடம் போட்டு உட்காருவது. இடைப்புனைவு, புனைவு என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. இந்த வேறுபாடு போதும் என்று நினைக்கிறேன்.

கடைசிக் காட்சியை மாற்றப் பள்ளியில் சம்மதித்துவிட்டார்கள். முதல் காட்சிக்கு முன்னால் திரையில் ‘இது இடைப்புனைவு’ என்று போடலாமா என்று கேட்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சட்டென்று விளங்குமா, இதைவிட எளிய சொல் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து