புதுப்பிப்பு: ஊசி போட்ட முதல் இரவே எலிகள் இறந்த விஷயம்

சர்க்கரை நோய் வரவைக்க ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தைப் போட்ட விஸ்டார் எலிகளில் (ஆய்வுக்கூட வெள்ளை எலி வகை) சில மறுநாள் காலையே செத்துக் கிடக்கின்றன, ஏன் என்று கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

இந்த மருந்து, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடைக்கிறது. உடையும்போது அவற்றில் சேர்ந்திருந்த இன்சுலின் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். அதாவது சர்க்கரை ஏறுவதற்கு முன்னால் பாதாளத்துக்கு இறங்கும்! அன்றிரவு வெறும் தண்ணீருக்குப் பதில் 10% குளுக்கோஸ் கரைசல் வைக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. வைத்தேன், இந்த முறை எல்லாம் பிழைத்தன. மருந்தை பிஎச் 4.5 சிட்ரேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாத கரைசல்) கரைத்த கையோடு ஊசி போட்டுவிடுகிறேன், தாமதித்தால் அது சிதைந்துவிடும். 72 மணி நேரம் கழித்து வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 250 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டினால்தான் அந்த எலி ஆய்வுக்குள் வரும்.

அப்புறம், இந்த ஆய்வில் நான் சோதிக்கும் சிறுகுறிஞ்சான் என்ற மூலிகை இலையின் சாற்றை எலிக்குக் கொடுக்கும் அதே கணக்கில் நாமும் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், உடல் பரப்பளவுக் கணக்குப்படி 6.2-ஆல் வகுக்க வேண்டும். மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம் வரும். அதுவும் தோராயம்தான். இந்த இலையில் நம் நாக்கின் இனிப்பை மறைப்பது ஜிம்னெமிக் அமிலம். எலியிடம் அது அவ்வளவாக எடுபடாது, அங்கே வேலை செய்வது இதே இலையில் உள்ள குர்மாரின் என்ற வேறொரு பொருள். நாக்கிலேயே இவ்வளவு வித்தியாசம்.

சாறு கொடுத்த எலிகளை, கிளிபென்கிளமைடு (சர்க்கரையைக் குறைக்கும் மருந்து) கொடுத்த குழுவோடு ஒப்பிடும் வேலை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.