அளவு எடுக்கும்போது பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

டேப் மாஸ்டர், குன்னூர் (கேள்வி)

எனக்குக் குன்னூரில் தையல் கடை. 26 வருடமாகப் பள்ளி பிளேசர்தான் சோறு போடுகிறது. மலையில் போர்டிங் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. சீசன் வந்துவிட்டால் ஒரே நாளில் 60, 70 பிள்ளைகளுக்கு அளவு எடுப்பேன். தோள், கை நீளம், முதுகு எல்லாம் ஒழுங்காகப் போகும். மார்பு அளவுக்கு டேப்பை அக்குளுக்குக் கீழே கொண்டுபோனதும் கச்சேரி ஆரம்பம். ஒருவன் புழுவாக நெளிவான். ஒருத்தி முழங்கையை விலாவோடு இறுக்கி என் கையைப் பூட்டிவிடுவாள். வரிசையில் பின்னால் நிற்பவனோ, அவனை யாரும் தொடவே இல்லை, அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிடுவான்.

பிளேசருக்கு டேப்புக்குள் இரண்டு விரல் விட்டுத்தான் அளக்க வேண்டும், உள்ளே ஸ்வெட்டர் போடுவார்கள் இல்லையா. அந்த இரண்டு விரல்தான் வில்லன். போதாததற்கு டேப் முனையில் இருக்கும் பித்தளைத் தகடு, காலைக் குளிரில் சட்டை வழியாகவே சுருக்கென்று படும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து விரலைச் சூடேற்றிக்கொண்டுதான் அளவுக்கே போவேன். ஆனாலும் போன வருடம், சிரித்துச் சிரித்து மூச்சையெல்லாம் வெளியே விட்ட ஒருவனுக்கு 28 எழுத வேண்டிய இடத்தில் 26½ எழுதிவிட்டேன். பொத்தான் எட்டவில்லை. விலாத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை எடுத்துச் சமாளித்தேன். அதிலிருந்து அளவு நோட்டில் கூச்சக்காரர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'கூ' என்று போட்டுவைக்கிறேன். 'கூ' என்றால் இரண்டு தடவை அளக்க வேண்டும் என்று அர்த்தம்.

என் குருநாதர் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். டேப்பின் நுனியை அந்தப் பையனையே நெஞ்சில் பிடிக்கச் சொல்வது, இல்லாவிட்டால் என் கைமேல் அவன் கையை வைத்துக்கொள்ளச் சொல்வது. பாதிக் கூச்சம் போய்விடும். ஏன் போகிறது? தன்னைத்தானே கிச்சுக்கிச்சு மூட்டினால் ஏன் சிரிப்பு வருவதில்லை?

இன்னொன்று. புதிதாகச் சேர்ந்து, அப்பா அம்மா விட்டுவிட்டுப் போன முதல் வாரத்தில் வரும் பிள்ளைகளுக்குக் கூச்சமே இருப்பதில்லை. கம்பம் மாதிரி நிற்பார்கள். அடுத்த வருடம் அதே பிள்ளை துள்ளும். தோல் அதே தோல்தானே?

கோத்தகிரி எஸ்டேட்காரன்

மாஸ்டர், மழைக்காலத்தில் எங்கள் பக்கம் தேயிலைக் காட்டுக்குள் வந்து பாருங்கள். காலில் அட்டை ஏறும்போது லேசாகக் குறுகுறுக்கும், சிரிப்பு வராது, தட்டிவிடத்தான் கை போகும். (கடித்த பிறகு ஒன்றும் தெரியாது, சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும்.) விலாவில் விரலை விட்டு ஆட்டுவது வேறு கதை.

இந்த இரண்டுக்கும் 1897இல் ஹால், ஆலின் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கிரேக்கத்திலிருந்து எடுத்துத் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை, குறுகுறுப்பு வேறு, கிச்சுக்கிச்சு வேறு என்று பாட்டி காலத்திலிருந்தே தெரியும். முதலாவதை ஒரு இறகை வைத்து உங்களுக்கு நீங்களே வரவழைத்துக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

உடலியல் டீச்சர்

நர்சிங் மாணவிகளுக்கு உடலியல் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் மாஸ்டர்.

கையை அசைக்கச் சொல்லி மூளை உத்தரவு போடும்போதே அந்த உத்தரவின் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகிறது. இந்த இடத்தில், இந்த நேரத்தில் ஒரு தொடுதல் வரப்போகிறது என்று அது முன்கூட்டியே கணக்குப் போட்டுவைக்கும். வந்த தொடுதல் கணக்கோடு ஒத்துப்போனால், 'இது நம்ம கைதான்' என்று அந்த உணர்வை மட்டுப்படுத்திவிடும். லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃப்ரித் மூவரும் 1998இல் மூளையை ஸ்கேன் செய்து இதைக் காட்டினார்கள்.

அதற்கு அடுத்து செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒரு கையால் நெம்புகோலை அசைத்தால், ஒரு ரோபோ அதே அசைவில் மறு உள்ளங்கையில் நுரைத் துண்டால் தடவும். உடனுக்குடன் தடவினால் பெரிதாகக் கூச்சம் இல்லை. ரோபோவை 0.1, 0.2, 0.3 விநாடி தாமதமாகத் தடவவிட்டார்கள். 0.2 விநாடி வரை தாமதம் கூடக் கூடக் கூச்சமும் கூடியது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை, அதற்குள் சொந்தக் கை அந்நியக் கை ஆகிவிடுகிறது.

ஆனால் உங்கள் குருநாதரின் வித்தைக்கு இது மட்டும் போதாது. டேப்பின் நுனியைப் பிடித்திருக்கும் பையனுக்கு உங்கள் விரல் எப்போது எங்கே படும் என்று தெரியாதே. பெர்லினில் மிக்கேல் பிரெக்ட்டின் ஆய்வகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தன்னைத்தானே தொட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் மூட்டும் கிச்சுக்கிச்சும் குறைந்தது. தன்னைத் தொடும்போது மூளை மொத்தமாகவே ஒரு பிரேக் போடுகிறது என்பது அவர்கள் கருத்து. உங்கள் குருநாதர் அவர்களை முந்திவிட்டார்.

கொடைக்கானல் அம்மா

டீச்சர், தொடுவதற்கு முன்பே சிரிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! நண்டூருது நரியூருது விளையாடிப் பாருங்கள். என் மகளுக்கு உள்ளங்கையில் பருப்புக் கடையும்போது ஒன்றும் ஆகாது. விரல் மணிக்கட்டைத் தாண்டி நடக்க ஆரம்பித்ததும் உடம்பை முறுக்கிக்கொள்வாள். முழங்கையில் வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தினால் அலறல்தான், அக்குள் வரை போகவே வேண்டாம்.

முன்பு இதைப் பழக்கம் என்றுதான் நினைத்தேன், நாம் சிரித்துக்கொண்டே மூட்டுவதால் பிள்ளையும் சிரிக்கக் கற்றுக்கொள்கிறது என்று. இதைச் சோதிக்கவே கிளாரன்ஸ் லூபா என்ற அமெரிக்க உளவியலாளர் 1930களில் தன் சொந்தக் குழந்தையை, காகித அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு, தான் சிரிக்காமல் கிச்சுக்கிச்சு மூட்டினாராம். வீட்டில் வேறு யாரும் சிரித்தபடி மூட்டக் கூடாது என்று உத்தரவு. அந்த அம்மா பாவம்! அப்படியும் ஏழு மாதம் வாக்கில் குழந்தை தானாகச் சிரித்தது.

மாஸ்டர், ஒரு சின்ன விஷயம். சிரிப்பதால் பிடித்திருக்கிறது என்று ஆகாது. என் மாமா ஒருவர் நான் அழும் வரை விடமாட்டார், அத்தனை நேரமும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்கும் கல்யாண வீட்டில் அவரைக் கண்டால் இரண்டு அடி தள்ளித்தான் நிற்பேன். நீங்கள் பையனையே டேப்பைப் பிடிக்கச் சொல்வது அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கோத்தகிரி எஸ்டேட்காரன்

அதெல்லாம் சரி, இயற்கை எதற்காக இதை வைத்தது? கழுத்து, விலா, வயிறு எல்லாம் அடிபட்டால் ஆபத்தான இடம், காப்பாற்றப் பழகத்தான் கூச்சம் என்று சொல்கிறார்களே.

உடலியல் டீச்சர்

அப்படி ஒரு கருத்து உண்டு. உள்ளங்காலை என்ன செய்வீர்கள்? நன்றாகக் கூசும், ஆனால் உயிர்நிலை இல்லை. விளையாட்டுச் சண்டைக்கான ஏற்பாடு என்கிறவர்களும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் சிம்பன்சியும் கொரில்லாவும்கூடக் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு மாதிரி மூச்சு விடுகின்றன.

அம்மாவின் மாமா கதையை நானும் வகுப்பில் சொல்லிவைக்கிறேன்.

மாஸ்டரின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கிச்சுக்கிச்சு மூட்டினால் எலிகளும் கத்தும், 50 கிலோஹெர்ட்ஸ் அளவில். நம் காது 20க்கு மேல் எட்டாது என்பதால் கருவி வைத்துத்தான் கேட்க வேண்டும். ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1990களின் கடைசியில் கவனித்தது இது. அதே பெர்லின் ஆய்வகத்தில் 2016இல், எலியைப் பளிச்சென்ற வெளிச்சத்தில் உயரமான மேடைமேல் வைத்து மூட்டினார்கள். பயந்துபோன எலிக்குச் சத்தம் குறைந்தது. தொடு உணர்வைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியிலேயே நரம்பணுக்கள் அடங்கிவிட்டன. அதாவது கூச்சத்தை மறைத்துக்கொள்ளவில்லை, கூச்சம் அந்த அளவுக்கு உண்டாகவே இல்லை. மனம் நல்லபடியாக இருந்தால்தான் கிச்சுக்கிச்சுக்குச் சிரிப்பு வரும், முன்பின் தெரியாத ஆள் மூட்டினால் சிறு குழந்தை பயந்து அலறும் என்று டார்வின் 1872லேயே எழுதிவிட்டார்.

தோல் அதே தோல்தான் மாஸ்டர். மற்றபடி, உங்கள் நோட்டில் எத்தனை 'கூ' என்று எண்ணிப் பார்த்தீர்களா? சும்மா நினைவை நம்பிச் சொல்லக் கூடாது.

டேப் மாஸ்டர், குன்னூர்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சீசன்.

டீச்சர் சொன்னார் என்று போன வருட நோட்டை எடுத்து எண்ணினேன். 'கூ' மொத்தம் 43. அதில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 2 பேர். ஆராய்ச்சி இல்லைதான், அந்த வாரம் நானும் அவசரத்தில் சில பேருக்குப் போடாமல் விட்டிருப்பேன்.

பித்தளை முனையைச் சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கிக்கொள்கிறேன், கொஞ்சம் உதவுகிறது. கொடைக்கானல் அம்மா சொன்னதற்குப் பிறகு எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன், நீ பிடித்துக்கொள்கிறாயா, நான் பிடிக்கட்டுமா என்று. பெரிய பையன்கள் முறைக்கிறார்கள்.

நேற்று ஒருவன் வந்தான். போன வருடம் மார்பு 27, பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அவனை நினைவிருந்தது, டேப் சுற்றும் வரை கண் கடை வாசலிலேயே இருந்தது, 'கையைத் தூக்கு' என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. நேற்று நான் டேப்பை உதறியதுமே இரண்டு கையையும் அக்குளுக்குள் திணித்துக்கொண்டு சுவரோரம் ஓடிவிட்டான். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரிப்பு. முதல் தடவை 28, அடுத்தது 30. டேப்பை அவன் கையிலேயே கொடுத்து மூன்றாவது தடவை எடுத்தேன், 29½. பெயருக்குப் பக்கத்தில் 'கூ' போட்டேன்.