கோபர் கேஸில் ஹைட்ரஜன் விட்டால் தீ கூடுமா?

தேன்குழல் ஆச்சி, பள்ளத்தூர்:

பலகாரம் போட்டு விற்கிறேன். கல்யாண ஆர்டர் வந்தால் தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை என்று நாலு நாள் அடுப்பு அணையாது. தொழுவத்தில் ஆறு மாடு, நாளுக்கு அறுபது கிலோ சாணம் தேறும். அதை நம்பிப் பின்கட்டில் கோபர் கேஸ் தொட்டி கட்டினேன். காபிக்கும் சோற்றுக்கும் குறையில்லை. எண்ணெய்ச் சட்டியை ஏற்றினால்தான் வம்பு. தீ பர்னரை விட்டு எழும்பி எழும்பி அணைகிறது. எண்ணெய் காயாமல் தேன்குழல் எண்ணெயைக் குடிக்கிறது.

காலேஜில் படிக்கும் என் தங்கச்சி மகன், "இந்த வாயுவில் பத்துக்கு நாலு பங்கு எரியாத கரியமில வாயு. தொட்டிக்குள் ஹைட்ரஜன் விட்டால் நுண்ணுயிரே அதையும் மீத்தேனாக்கிவிடும், வெளிநாட்டில் செய்கிறார்கள்" என்கிறான். ஒரு வாளி உப்புத் தண்ணீர், பழைய பேட்டரி சார்ஜர், இரண்டு கம்பி எல்லாம் தயார். விடலாமா?

காரைக்குடி ஓய்வுக்காரன்:

ஆச்சி, முதல் வேலையாக அந்த வாளியைக் கொட்டச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டால் ஒரு கம்பியில் ஹைட்ரஜன் வரும், மறு கம்பியில் குளோரின் வரும். அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்பத்திரிதான். ஹைட்ரஜனும் லேசுப்பட்டதில்லை, காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் உங்கள் அடுப்பு வேறு.

ஆனால் தம்பி சொன்னது பொய்யில்லை. 1948-இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து நம் ஊருக்கு வந்த மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் தெரியும். ஒரு பங்கு கரியமில வாயுவுக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் கொடுத்தால் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் ஒரு பங்கு மீத்தேனும் தண்ணீரும் தரும். வெளிநாடு எதற்கு? உங்கள் மாட்டின் இரைப்பையிலேயே அந்தச் சாதி இருக்கிறது, ஏப்பத்தில் வரும் மீத்தேன் அதன் கைவரிசைதான்.

இனிக் கணக்கு. அறுபது கிலோ சாணத்துக்கு ஏறக்குறைய இரண்டரை கன மீட்டர் வாயு. அதில் ஒரு கன மீட்டர் கரியமில வாயு. அதற்கு நாலு கன மீட்டர் ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து அதை எடுக்க இருபது யூனிட் கரண்ட் அளவுக்குப் போகும். கூடுதலாகக் கிடைக்கும் மீத்தேனின் சூடு பத்து யூனிட். பேசாமல் கரண்ட் அடுப்பிலேயே சட்டியை வைத்துவிடலாம்.

ஹைட்ரஜன் தண்ணீரில் எளிதில் கரையாது, நுண்ணுயிரோ தண்ணீருக்குள் இருக்கிறது. அது சாப்பிடும் முன்பே பாதி மேலே வந்துவிடும். அளவு மிஞ்சினால் உள்ளே அமிலம் தேங்கித் தொட்டியே செத்துப்போகும். கூடவே ஆக்ஸிஜன் போனால் கேட்கவே வேண்டாம், ஆர்க்கியாவுக்கு அது விஷம்.

கோட்டையூர் மாட்டுக்காரன்:

ஆச்சி, எரிவது சிலிண்டர் அடுப்பா? அப்படியென்றால் அங்கேதான் கோளாறு. சிலிண்டர் கேஸ் அழுத்தத்தோடு வரும், அதனால் ஜெட், அதாவது பர்னருக்குள் வாயு பீச்சும் மூக்கின் ஓட்டை, ஊசிமுனை அளவு இருக்கும். கோபர் கேஸ் மெல்ல வரும், சத்தும் குறைவு. பெரிய ஓட்டை ஜெட் போட்டு, காற்று போகும் வழியைக் குறைக்க வேண்டும். கோபர் கேஸுக்கென்றே பர்னர் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். குழாயின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினாலும் தீ குதிக்கும், வடித்துவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் இருந்தால் லேத் பட்டறை இரும்புச் சுருளைத் துருப்பிடிக்க வைத்துக் குழாய் வழியில் அடைக்கலாம். என் பழைய பர்னர் அந்த நாற்ற வாயுவால்தான் அரித்துப்போனது.

தேன்குழல் ஆச்சி:

சிலிண்டர் அடுப்பேதான்! சரி, ஒரு சந்தேகம். இவ்வளவு நஷ்டம் என்றால் வெளிநாட்டில் ஏன் செய்கிறார்கள்?

காரைக்குடி ஓய்வுக்காரன்:

அங்கே காற்றாலைக் கரண்ட் சில நாள் தேவைக்கு மேல் வரும். அதை வாயுவாக்கினால் மாதக்கணக்கில் சேமித்து வைக்கலாம். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பக்கம் கழிவுநீர் நிலையத்தில் 1 மெகாவாட் அளவில் செய்து காட்டினார்கள். தனித் தொட்டி, அறுபது டிகிரிக்கு மேல் சூட்டில் வாழும் ஆர்க்கியா. ஆடிக் காற்றில் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளில் கரண்ட் மிஞ்சினால் நமக்கும் அந்த யோசனை உதவும்.

தேன்குழல் ஆச்சி:

புது பர்னர் போட்டாயிற்று. குழாயில் அரைச் சொம்புத் தண்ணீர் வந்தது. தீ நீலமாக நின்று எரிகிறது, ஒரு ஈடு வெள்ளையாக எடுத்தேன். ஆனால் மூன்று ஈட்டுக்கு மேல் வாயு தாங்கவில்லை, கல்யாண ஆர்டருக்குச் சிலிண்டர்தான். தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான். சார்ஜரை மட்டும் பரண்மேல் ஒளித்து வைத்திருக்கிறேன்.