அவசரம்: ட்ரூ டூயல் எக்ஸாஸ்ட், இடது பைப் போக வழியே இல்ல

சாரங்கன்77:
வணக்கம் நண்பர்களே, வண்டி ராம்ப்ல நிக்குது, சுருக்கமா கேட்கிறேன். ட்ரூ டூயல் (இன்ஜினோட ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் புகை பைப்) போட பைப், சைலன்சர் எல்லாம் வாங்கியாச்சு. வலது பைப் ஒழுங்கா உட்காருது. இடது பைப் கியர்பாக்ஸுக்குக் கீழ இருக்கிற குறுக்குச் சட்டத்துல போய் முட்டுது. வெல்டர் அண்ணன் கேஸ் கட்டர் வச்சு அதுல அரைவட்டமா எடுத்துடலாம்ங்கிறார். எடுக்கலாமா? சாயங்காலம் ஷெட்டை மூடிடுவாங்க.

பெரம்பூர்க்காரன்:
என்ன வண்டி, என்ன வருஷம், என்ன இன்ஜின்? ஒண்ணுமே சொல்லலையே தம்பி.

ஹெரால்டு66:
ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? அந்தக் குறுக்குச் சட்டம், அதான் கிராஸ்மெம்பர், போல்ட்ல நிக்குதா, வெல்டா? அடியிலிருந்து ஒரு போட்டோ போடுங்க.

திருவான்மியூர் செந்தில்:
எந்த வண்டியா இருந்தாலும் கட்டரைக் கீழ வைக்கச் சொல்லுங்க. கியர்பாக்ஸோட பின்பக்கம் முழுக்க அதுமேலதான் உட்கார்ந்திருக்கு. அப்புறம், டூயல் போட்டா பேக் பிரஷர் (புகை வெளிய போகும்போது வர்ற எதிர் அழுத்தம்) போயிடும், கீழ் ஆர்பிஎம்ல இழுவை இருக்காது. சிங்கிளே விட்டுடுங்க.

சாரங்கன்77:
கார்வெட் (செவர்லேயோட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்), 1977. 350 கியூபிக் இஞ்ச் வி8, எட்டு சிலிண்டர். எண்பதுகள்ல மெட்ராஸ் வந்த வண்டி. 3000 ஆர்பிஎம்முக்கு மேல மூச்சு வாங்குது, அதனாலதான் டூயல்.

பெரம்பூர்க்காரன்:
கார்வெட்ல பின்னாடி ஏற்கெனவே ரெண்டு பைப் இருக்குமே? அப்புறம் எதுக்கு டூயல்?

வி8 வாத்தியார்:
இந்த அடிப்படையைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பைப் வாங்கவே போகணும். இத்தனை வருஷமா இதே பகுதியில எழுதிட்டிருக்கேன், யாரும் படிக்கிறதில்ல. 1974 வரைக்கும் அந்த வண்டியில ரெண்டு பக்கமும் தனித்தனிப் பாதை. 1975-ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையில இருக்கிற நச்சைக் குறைக்கிற பெட்டி) வந்ததும் ரெண்டு டவுன் பைப்பையும் ஒய் மாதிரி ஒண்ணாக்கி, ஒரே கன்வெர்ட்டர் வழியா விட்டு, அதுக்குப் பின்னாடி மறுபடி ரெண்டா பிரிச்சு ரெண்டு சைலன்சருக்குக் கொடுத்தாங்க. பின்னாடி நின்னு பார்த்தா டூயல், அடியில படுத்துப் பார்த்தா சிங்கிள். அதனாலதான் 75-க்கு அப்புறம் வந்த கிராஸ்மெம்பர்ல வலது பக்கம் மட்டும் வழி.

பேக் பிரஷர் வேணும்னு சொன்னவருக்கு: எந்த இன்ஜினும் அடைப்பைக் கேட்கிறதில்ல. பைப் அளவுக்கு மீறி பெருசானா புகையோட வேகம் குறையும், இழுவை போறது அதனால. 1977-ல எல்48-ங்கிற இந்த 350 இன்ஜினுக்கு 180 குதிரைத்திறன்தான். பைப் இரண்டேகால் இஞ்ச் போதும், இரண்டரை தாராளம், மூணு இஞ்ச் வீண்.

திருவான்மியூர் செந்தில்:
சார், நான் என் வண்டியில பார்த்ததைச் சொன்னேன்.

வி8 வாத்தியார்:
உங்க வண்டி நாலு சிலிண்டர். இது 1-8-4-3-6-5-7-2-ன்னு சிலிண்டர் வரிசையில வெடிக்கிற வி8. இடது பக்கம் 5-ம் 7-ம் அடுத்தடுத்து, வலது பக்கம் 8-ம் 4-ம் அடுத்தடுத்து. ரெண்டு பைப்பையும் கடைசி வரைக்கும் தனியா விட்டா ஒவ்வொரு பக்கமும் துடிப்பு ஒழுங்கில்லாம வரும். நடுவுல ரெண்டையும் இணைக்கிற ஹெச் பைப்போ எக்ஸ் பைப்போ கட்டாயம்.

ஹெரால்டு66:
ஹெச் போதும், எக்ஸ் போட்டா சத்தம் கீச்சுனு ஆயிடும். அதை விடுங்க, சாரங்கன் இன்னும் கியர்பாக்ஸ் என்னன்னு சொல்லல. அதுலதான் பதிலே இருக்கு. ஆட்டோமேட்டிக்னா கிராஸ்மெம்பர் போல்ட்ல வரும், கழட்டிடலாம். 74 வரைக்குமான ஆட்டோமேட்டிக் வண்டியோடது ரெண்டு பக்கமும் வழியோட இருக்கும், புதுசா செஞ்சும் விக்கிறாங்க. மேனுவல்னா சேஸோட வெல்டு, அது பெரிய வேலை.

அடையாறு ரவி:
வின்டேஜ் பதிவு (பழங்கால வண்டிக்கான தனிப் பதிவு) யோசனை இருந்தா எதையும் தொடாதீங்க. 2021 ஜூலை விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகணும், சேஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்களுக்கு அந்த நாள் நெருங்கிட்டு வருது.

திருவான்மியூர் செந்தில்:
போல்ட்ல கழட்டி மாட்டுறது சேஸ் மாற்றமா? அப்போ சைலன்சர் மாத்தினவன் எல்லாம் என்ன ஆவான்?

அடையாறு ரவி:
போல்ட்டைப் பத்தி நான் பேசல, கேஸ் கட்டரைப் பத்திப் பேசுறேன். கட்டர் பட்ட தழும்பை இன்ஸ்பெக்ஷன்ல யாரும் ரிப்பேர்னு எடுத்துக்க மாட்டாங்க.

வி8 வாத்தியார்:
விதியை முழுசா படிச்சுட்டு வாங்க ரெண்டு பேரும்.

அடையாறு ரவி:
படிச்சுட்டுத்தான் எழுதுறேன். வி.ஏ. எழுத்தோட நம்பர் பிளேட், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். இந்த மாதிரி வண்டி ஊர்ல எத்தனை இருக்கு? அதை அறுத்துக் கெடுக்கிறதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல.

பெரம்பூர்க்காரன்:
சண்டையை நிறுத்துங்க. மூச்சு வாங்குதுன்னு சொன்னதை யாரும் கவனிக்கல. எண்பதுகள்ல வந்த வண்டின்னா ஈயம் கலந்த பெட்ரோல்லதான் ஓடியிருக்கும். ஈயமில்லாத பெட்ரோல் சென்னைக்கு 1995-லதான் வந்துச்சு. ஈயம் பட்டா கன்வெர்ட்டர் செத்துடும். உள்ள இருக்கிறது மணி மணியா உருண்டைங்க, அதுவும் கரிப்பிடிச்சு அடைச்சிருக்கும். வாக்யூம் கேஜ் (இன்ஜின் உறிஞ்சுற வெற்றிடத்தை அளக்கிற மானி) மாட்டிப் பாருங்க. ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காம ஓடவிட்டா, 17-லிருந்து 21 இஞ்ச் காட்டணும். 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு வைங்க. முள்ளு நிக்காம மெல்ல மெல்லக் கீழ இறங்கினா வழியில அடைப்பு. வலது மேனிஃபோல்டுக்குக் (அந்தப் பக்கத்துச் சிலிண்டர்களோட புகை சேர்ற குழாய்) கீழ இருக்கிற ஹீட் ரைசர் வால்வு பாதி மூடிச் சிக்கியிருந்தாலும் இதே கதைதான். குளிர் ஊர்ல கார்புரேட்டரைச் சூடாக்க வச்சது அது, நம்ம ஊர்ல அதுக்கு வேலையே இல்ல. அதையும் கையால ஆட்டிப் பாருங்க.

ஹெரால்டு66:
அருமை அண்ணே. கன்வெர்ட்டரை எடுத்தா குவாட்ராஜெட் கார்புரேட்டர்ல கலவையையும் பார்க்கணும், லீனா, அதாவது பெட்ரோல் குறைஞ்சு ஓடும். பியூசி புகைச் சோதனைக்கும் கவலை வேண்டாம், அந்தக் காலத்து பெட்ரோல் காருக்கு ஐடில்ல சிஓ (கார்பன் மோனாக்சைடு) 3 சதவீதம் வரைக்கும் அனுமதி. இன்னொண்ணு, ஸ்டார்ட்டர் வலது பக்கம், பைப்புக்குப் பக்கத்துலயே இருக்கு. வெயில்ல நிறுத்தி எடுத்தா சுத்தாது. ஹீட் ஷீல்டு போடுங்க. பாடி ஃபைபர் வேற, தரைக்கும் பைப்புக்கும் இடைவெளி விடணும்.

(மறுநாள்)

பெரம்பூர்க்காரன்:
என்ன ஆச்சு தம்பி?

ஹெரால்டு66:
சாரங்கன்? அறுத்துட்டீங்களா?

சாரங்கன்77:
அறுக்கல. ஆட்டோமேட்டிக், கிராஸ்மெம்பர் போல்ட்தான். கேஜ்ல ஐடில் 18, 2500-ல பிடிச்சா 9 வரைக்கும் இறங்கிடுச்சு. கன்வெர்ட்டரைக் கழட்டி ஆட்டினா சத்தமே இல்ல, உள்ள எல்லாம் ஒரே கட்டி. இப்போதைக்கு அந்த இடத்துல நேர் பைப் போட்டுட்டோம். ஈசிஆர்ல ஓட்டிப் பார்த்தேன், 4000 வரைக்கும் தடையில்லாம போகுது. பழைய மாடல் கிராஸ்மெம்பர் ஆர்டர் போட்டிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

அடையாறு ரவி:
கழட்டின கன்வெர்ட்டர், ஒய் பைப் எதையும் காயலாங்கடைக்குப் போடாதீங்க. எண்ணெய் தடவிச் சாக்குல சுத்தி வைங்க.

பெரம்பூர்க்காரன்:
ஹீட் ரைசர் ஆடுச்சா? அதைச் சொல்லவே இல்லையே.