சிறிய அறையில் முகப்படம் எடுக்க முதல் விளக்கு: மூன்று விளக்குத் தொகுப்பா, ஒற்றை ஃபிளாஷா?

ஜன்னலோரம் (கேள்வி)

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஜன்னல் வெளிச்சத்தை மட்டுமே நம்பி வீட்டாரை முகப்படம் எடுத்து வருகிறேன். வேலை முடிந்து நான் வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடுவதால், சொந்தமாக விளக்கு வாங்கிவிட முடிவு செய்திருக்கிறேன். அறை 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் கொண்டது. கூரையின் உயரம் 2.6 மீட்டர், ஒரு பக்கச் சுவர் வெளிர்பச்சை. கையில் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட கேமராவும் 50 மி.மீ. லென்ஸும். பெரும்பாலும் எடுக்கப்போவது மூக்குக்கண்ணாடி அணியும் என் தாயாரையும், ஓரிடத்தில் நிற்காத 4 வயது மகளையும்தான்.

மூன்று எல்இடி விளக்குகள், ஒளியைப் பரப்பும் மூன்று குடைகள், மூன்று ஸ்டாண்டுகள், பின்னணித் துணி ஆகியவை ஒரே பையில் அடங்கிய தொகுப்பு ஒன்றைப் பார்த்தேன். ஏறத்தாழ அதே விலைக்கு ஒற்றை ஃபிளாஷும், அதன் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாப்ட்பாக்ஸும் கிடைக்கின்றன. மூன்று கிடைக்கும்போது ஒன்றை ஏன் வாங்க வேண்டும் என்பதே என் குழப்பம்.

வெண்குடை

ஒன்றையே வாங்குங்கள். இத்தனை நாள் நீங்கள் பயன்படுத்திய ஜன்னலும் ஒற்றை விளக்குதானே? அந்த வெளிச்சம் இதமாக இருந்ததற்குக் காரணம் ஜன்னலின் பரப்பு. முகத்தின் இடத்திலிருந்து பார்க்கையில் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு நிழலின் ஓரம் மெதுவாகக் கரையும். 90 செ.மீ. சாப்ட்பாக்ஸை 1 மீட்டர் தொலைவில் வைத்தால் ஜன்னலின் குணம் வந்துவிடும்; அதையே 3 மீட்டருக்குத் தள்ளினால் மூக்கின் நிழல் கன்னத்தில் கோடு கிழித்ததுபோல் விழும்.

தொலைவு இன்னொரு வேலையும் செய்கிறது. விளக்குக்கும் பொருளுக்கும் இடையிலான தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். தாயாரின் முகத்திலிருந்து விளக்கு 1 மீட்டரிலும், அவருக்குப் பின்னால் சுவர் இன்னும் 1 மீட்டரிலும் இருந்தால், முகத்தைவிடச் சுவர் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது) இருட்டாகப் பதியும். விளக்கை அரை மீட்டருக்கு நெருக்கினால் சுவருக்குப் போய்ச் சேர்வது முகத்தில் படுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான். பின்னணியை அடர்த்தியாக்கத் தனித் துணி வேண்டியதில்லை. விளக்கை நகர்த்தினாலே போதும் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் புரிகிறது, எனக்கும் அப்படித்தான்.

குடையை இந்த அறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது ஒளியை நாலாபுறமும் சிதறவிடும். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி, நிழல் விழும் கன்னத்தில் நோயாளியின் நிறத்தைப் பூசிவிடும். ஒளி பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் சதுரக் கண்ணி வலையை முகப்பில் மாட்டக்கூடிய சாப்ட்பாக்ஸாகப் பார்த்து எடுங்கள். எதிர்ப் பக்கத்தில் வெள்ளைத் தெர்மகோல் அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தால் அதுவே இரண்டாவது விளக்கு.

மகள் ஓடியாடுபவள் என்பதால் ஃபிளாஷே பொருத்தம். குறைந்த திறனில் அதன் மின்னல் 1/1000 நொடிக்கும் குறைவாகவே நீடிப்பதால் அசைவு உறைந்துவிடும். கேமராவில் ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 100, லென்ஸ் துளை எஃப்/5.6, ஷட்டர் 1/160 நொடி என்று வைத்து, முதலில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது கறுப்பாக வந்தால், அறையின் மஞ்சள் விளக்கு படத்தில் கலக்கவில்லை என்று பொருள்.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும், ஃபிளாஷின் வலிமையைக் குறிக்கும் கைடு நம்பரை நம்பி விலையை ஏற்றிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது ஃபிளாஷின் ஒளியை 200 மி.மீ. ஜூமுக்குக் குறுக்கி அளந்த எண். சாப்ட்பாக்ஸுக்குள் போனபின் அதற்கு மதிப்பில்லை. கேமராவிலிருந்து ஃபிளாஷை இயக்கும் ரேடியோ ட்ரிக்கர் மட்டும் உங்கள் கேமரா நிறுவனத்துக்குரிய வகைதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

மெல்லிருள்

ஒற்றை விளக்கு என்பதில் உடன்படுகிறேன். ஃபிளாஷ் என்பதில் இல்லை. தொடர்ந்து எரியும் எல்இடியில், விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் நிழல் எங்கே போகிறது என்பது கண்முன்னே தெரியும். கற்றுக்கொள்பவருக்கு அதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. மங்கலான அறையில் ஃபிளாஷ் கொண்டு எடுக்கையில் கண்மணி விரிந்து கண் முழுவதும் கறுப்பாகத் தெரியும். எல்இடி வெளிச்சத்தில் அது சுருங்குவதால் கருவிழியின் நிறம் படத்தில் வரும்.

ஆனால் அந்த மூன்று விளக்குத் தொகுப்பில் இருப்பது வேறு சரக்கு. இத்தனை வாட்டுக்கு இணையானது என்று போட்டிருந்தால், உண்மையில் இழுக்கும் வாட் எவ்வளவு என்று தேடுங்கள். நிறத்துல்லியத்தைக் குறிக்கும் சிஆர்ஐ 95க்குக் குறைந்தால் தோல் வெளிறியோ பச்சை பாய்ந்தோ வரக்கூடும். உண்மையான 60 வாட் எல்இடியைச் சாப்ட்பாக்ஸில் போட்டு 1 மீட்டரில் வைத்தால், எஃப்/4, 1/125 நொடிக்கு ஐஎஸ்ஓ 400 அல்லது 800 தேவைப்படும். தாயாருக்கு இது தாராளம். மகள் குதித்தால் கை மங்கலாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம்கால்

விளக்கைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். ஸ்டாண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் முதலில் வாங்கியது நீங்கள் சொல்வதைப் போன்ற தொகுப்புதான். விரலளவு பருமனுள்ள குழாய். இறுக்கும் பிளாஸ்டிக் திருகு இரண்டாம் மாதமே வழுக்கத் தொடங்கியது. ஒருநாள் மின்விசிறிக் காற்றில் குடை பாய்மரம்போல் உப்பி, விளக்கோடு சேர்ந்து தரையில் சாய்ந்தது. நல்லவேளையாக நாற்காலியில் அப்போது யாரும் இல்லை.

குழந்தை ஓடும் வீட்டில் உலோகத் திருகுள்ள தடித்த ஸ்டாண்ட் ஒன்றும், அதன் காலில் தொங்கவிட ஒரு மணல் மூட்டையும் கட்டாயம். சாப்ட்பாக்ஸ் நீட்டிக்கொண்டிருக்கும் திசையிலேயே ஒரு கால் இருக்கும்படி நிறுத்துங்கள். இன்னொன்று: சாப்ட்பாக்ஸும் அதை ஸ்டாண்டில் பிடிக்கும் தாங்கியும் போவன்ஸ் மவுண்ட் (போவன்ஸ் என்ற விளக்கு நிறுவனம் கொண்டுவந்த இணைப்புப் பூட்டு) வகையாக இருக்கட்டும். அந்த நிறுவனம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பூட்டை இன்றும் பலரும் தயாரிப்பதால், பிற்பாடு எல்இடிக்கு மாறினாலும் சாப்ட்பாக்ஸ் வீணாகாது.

ஜன்னலோரம்

மூவருக்கும் நன்றி. ஃபிளாஷ், 90 செ.மீ. சாப்ட்பாக்ஸ், தடித்த ஸ்டாண்ட் என்று முடிவு செய்துவிட்டேன். தாயாரின் கண்ணாடியில் சாப்ட்பாக்ஸ் வெள்ளைக் கட்டமாகத் தெரிவதைத் தவிர்க்க என்ன செய்வது? கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் அது அவர் முகமாகவே இருப்பதில்லை.

வெண்குடை

கழற்ற வேண்டாம். விளக்கை உயர்த்திக் கீழ்நோக்கிச் சாயுங்கள். அவரை உட்கார வைத்து எடுத்தால் 2.6 மீட்டர் கூரைக்குள் அதற்கு இடம் இருக்கும். அப்போதும் தெரிந்தால், கண்ணாடியின் காம்புகளைக் காதுக்கு மேல் அரை விரல் உயர்த்தி வையுங்கள். கண்ணாடி சற்றே குனிந்து, பிரதிபலிப்பு கேமரா லென்ஸின் பக்கம் வராமல் கீழே விழும். விளக்கை மிகவும் உயர்த்தினால் கண்குழிகள் இருண்டுவிடும் என்பதால், தெர்மகோல் அட்டையை மடிமீது கிடத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்

விளக்கு வருவதற்கு முன்பே நேற்றிரவு மேசை விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சோதித்துவிட்டேன். தாயாரின் தலைக்கு மேல் ஒன்றரைச் சாண் உயர்த்தியதும் கண்ணாடியில் இருந்த வெள்ளைப் புள்ளி நழுவி மறைந்தது. காம்பை உயர்த்தத் தேவையே ஏற்படவில்லை. அட்டையை மடியில் வைத்ததும் கண்ணுக்குக் கீழிருந்த கருமை பாதியாகக் குறைந்தது. கூரைக்கும் சாப்ட்பாக்ஸின் மேல் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்பதைத்தான் இப்போது நாடாவால் அளந்துகொண்டிருக்கிறேன்.