அப்பாவின் கடன் கொப்பியும் எழுதப்படாத கடையும்

புறக்கோட்டை மகள்:

கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் அப்பாவுக்கு வெங்காயம், செத்தல் மிளகாய் மொத்தக் கடை. அவருக்கு 72 வயது. 11 வருடமாகச் சிட்டை, வங்கி, லொறிக் கூலி எல்லாம் என் பொறுப்பு; கடன் கொப்பி மட்டும் அப்பாவின் கையில். அண்ணா டொரொன்டோவில். கடையும் சுன்னாகத்துச் செம்மண் தோட்டமும் அப்பா பெயரில் இருக்கின்றன. உயில் எதுவும் இல்லை.

போன வைகாசியில் நெஞ்சுவலி வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். தம்புள்ளை லொறி வாசலில் நிற்கிறது, காசோலையில் கையெழுத்திட ஆள் இல்லை. என் காப்புகளை அடகு வைத்துச் சரக்கை இறக்கினேன். கொப்பியைத் திறந்தால் "ம. 40, தை" என்று பென்சிலில் இருக்கிறது. மன்னார்க்காரரா, மருதானைக்காரரா? அன்றிரவு நான் தூங்கவில்லை.

பேச்சை எடுத்தாலே "என்னை அனுப்பப் பார்க்கிறாயா?" என்று எழுந்துவிடுகிறார். சொத்துக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்றும் பயம். எங்கே தொடங்குவது?

செட்டியார் தெருக்காரன்:

மகள், உயில் என்ற சொல்லை இப்போதைக்கு எடுக்காதீர்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் நகைக்கடை எரிந்தபோது கணக்குப் புத்தகங்களும் எரிந்தன. என் தகப்பனார் நினைவிலிருந்த பெயர்களை வைத்து, வீடு வீடாகப் போய்ப் பாக்கியை வாங்கித்தான் மறுபடி கடை திறந்தார். அதன்பிறகு எதையும் அவர் தாளில் எழுதியதே இல்லை. உங்கள் அப்பாவும் அந்த வயதுக்காரர்தானே. கொப்பியோடு பக்கத்தில் இருந்து, பெயர்களை மட்டும் கேளுங்கள். ஆட்களைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஆசையாகவே இருக்கும்.

வெள்ளவத்தைச் சட்டத்தரணி:

தனி உரிமையாளர் கடை என்றால் சட்டத்துக்குக் கடையும் அப்பாவும் ஒன்றுதான். அவர் இல்லாமற்போனால் வங்கிக் கணக்கு முடங்கும். மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை உரியவர்களுக்கு மாற்றும் வழக்கு, நடத்த வேண்டிவரும். அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயல்பட அவர் உங்களுக்கு எழுதித்தரும் அதிகாரம்) அவர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாக்கினால் நீங்கள் பணிப்பாளராகலாம், அண்ணாவுக்கும் பங்கு கொடுக்கலாம்.

தோட்டம் வேறு கதை. நீங்கள் யாழ்ப்பாணத்தவர் என்றால் கொழும்பில் வாழ்ந்தாலும் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், பொருந்தக்கூடும். முதுசமா (பரம்பரையாக வந்ததா), தேடியதேட்டமா (திருமணத்துக்குப் பின் தேடியதா) என்று காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். தேடியதேட்டமானால் அம்மாவின் உரிமையும் வரும். சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) தன்னிடம் வைத்துக்கொண்டு அப்பா நன்கொடை உறுதி எழுதலாம். உயில் எழுதச் சம்மதித்தால் நொத்தாரிசும் (உறுதி எழுதும் நோட்டரி) இரண்டு சாட்சிகளும் போதும்.

புறக்கோட்டை மகள்:

ஐயா, ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு அப்பாவின் அருகில் இருந்தேன். "ம." என்றால் மாத்தளை நானாவாம். "அவருடைய வாப்பாவுக்கு உன் அப்பப்பா கடன் கொடுத்தவர்" என்று தொடங்கி, தேநீர் ஆறும்வரை சொன்னார். 31 பெயர்களை எழுதிக்கொண்டேன். ஒரு பெயரில் மட்டும் பென்சிலை வாங்கித் தானே கோடிட்டார். அந்த மனிதர் செத்துவிட்டார், பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம் என்றார்.

கொப்பியை மூடும்போது, "வங்கியில் உன் கையெழுத்தையும் சேர்க்க என்ன கொண்டுபோக வேண்டும்?" என்று அவராகவே கேட்டார். புதன்கிழமை போகிறோம். சட்டத்தரணி சொன்ன மற்றவற்றை அண்ணாவிடம் இரவு பேசினேன். தோட்டத்துக் கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்.